அப்பா சுட்ட முழுக்கோழி

ஓரிக்கை, காஞ்சிபுரம்
திங்கட்கிழமை மத்தியானம்

அன்பு மகள் ரேவதிக்கு அம்மா எழுதுவது.

அம்மன் புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் குட்டி ஜீவிதாவும் அந்தப் பிரிஸ்பேன் ஊரில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய். போனில் உன்னோடு பேச ஆரம்பித்தால் போதும், உன் அப்பா எங்கே இருந்தாலும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதை அவர் காதுபடச் சொன்னால் அந்த மனுஷனுக்குத் தலை கனத்துவிடும், அப்புறம் என்னால் குடித்தனம் நடத்த முடியாது. பின்தெரு பிரவீனா படிப்புக்காக உங்கள் ஊருக்கே வருகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வடகம், மோர்மிளகாய் எல்லாம் ஏர்போர்ட்டிலேயே பிடுங்கிவிடுவார்கள் என்று அவள் சொன்னதால் ஜீவிதாவுக்கு ஒரு பட்டுப் பாவாடை மட்டும்தான் கூட வைத்திருக்கிறேன். இடுப்பில் மடித்துத் தைத்திருக்கிறது, வளர வளரப் பிரித்துக்கொள்ளலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஆடி மாதம் அப்பா வயலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து நீ என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாய். எங்க மாமியார் ஊட்ல அப்பா என்னிக்குக் கை நனைக்கிறாரோ அன்னிக்குத்தாம்மா நான் நம்ம ஊட்டுக்கு வருவேன் என்று. அன்றைக்கு முழுக்க எனக்கு உன்மேல் கோபம். பெற்றவளிடமே கட்டளை போடுகிறாளே, இவள் குழந்தையை நான் இன்னும் கையால் தொடக்கூட இல்லையே, அது வாய் திறந்து பேசவே ஆரம்பித்துவிட்டதே என்று அழுதுகொண்டே பாத்திரம் தேய்த்தேன். மறுநாள் காலையில் கோபம் போய்விட்டது. யோசித்துப் பார்த்தால் நீ கேட்டதில் என்ன தப்பு? தென்னேரியில் உன் மாமனார் குடும்பத்தின் பெரியவர்கள் ஒரு காலத்தில் நம்மவர்கள் நிலத்தில் கூலிக்கு இறங்கினவர்கள். இன்றைக்கு உன் மாமனார் இளங்கோவன் அண்ணன் மின்சார வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்று மகனை இன்ஜினியராக்கி உட்கார்ந்திருக்கிறார். ஆனாலும் உன் கல்யாணத்துக்கு அப்பா வரவில்லை. ஜீவிதா பிறந்த பிறகு உன்னோடு பேசினார், போட்டோவைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார், அதோடு சரி. உழவுக்கு டிராக்டர் ஓட்டிக்கொண்டு தென்னேரி வழியாகப் போனாலும் அந்தத் தெருப் பக்கம் முகத்தைத் திருப்ப மாட்டார். அத்தை மாமாவை மதிக்காத இடத்துக்கு நான் வர மாட்டேன் என்று என் மகள் சொல்கிறாள் என்றால் அது என் வளர்ப்புதானே என்று எனக்குள்ளே ஒரு கர்வம் வந்துவிட்டது. அதை அப்போது உன்னிடம் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நீ சொன்னதை அப்படியே சொல்லிவிட்டேன், ஒரே ஒரு தடவை. பாதிச் சோற்றில் கை கழுவிக்கொண்டு போய் டிராக்டர்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார், சாவிகூடப் போடவில்லை. நானும் விட்டுவிட்டேன். நெருக்கினால் முறுக்கிக்கொள்வார், உனக்குத் தெரியாததா. அந்த வாரத்திலேயே ஒருநாள் என் போனை எடுத்துக்கொண்டு வந்து, அந்தப் பையன் கோழி சுடற படம் ஒண்ணு அனுப்பிச்சாளே, அத்த எடு என்றார். உங்கள் வீட்டுத் தோட்டத்தில் மாப்பிள்ளை இரண்டு கோழியை முழுசாக வைத்து மூடி போட்டுச் சுட்டாரே, அந்த வீடியோ. அதை எத்தனை தடவை ஓடவிட்டுப் பார்த்தாரோ தெரியாது. பார்த்துவிட்டு, துண்டு போடாம முழுசா வெச்சிக்கினு இருக்கான், உள்ள எப்படி வேவும், தோல்தான் கருகும் என்று குறை சொல்லிவிட்டுப் போனார். அடுத்த நாள் எண்ணெய்க் கடையிலிருந்து ஒரு காலி டிரம்மை உருட்டிக்கொண்டு வருகிறார். அதை வெல்டிங் பட்டறையில் கொடுத்து நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, கீல் போட்டு, நாலு கால் வைத்து, உள்ளே கம்பி அடித்து, மேல்பாதி மூடி கீழ்ப்பாதி அடுப்பு என்று ஆக்கிப் பின்பக்கம் முருங்கை மரத்தடியில் நிறுத்திவிட்டார். எதற்கு இந்தக் கூத்து என்று கேட்டேன். அவன வுட நான் நல்லா சுட்டுக் காட்டறேன் பாரு என்றார். சம்பந்தியை வீட்டுக்கு அழைக்கப் போகிறேன் என்று அந்த வாயில் வருமா? வராது. ஆனால் எனக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது.

அவர் இந்த வீட்டில் சுடுதண்ணீர்கூட வைத்தது கிடையாது, எடுத்த எடுப்பில் முழுக்கோழி என்றால் எப்படி? கறிக்கடையில் தோலோடு முழுசாகக் கொடு என்று சொல்லிவிட்டு யாரோ தெரிந்தவரிடம் உழவு பேசிக்கொண்டு நின்றிருக்கிறார். கடைக்காரர் பழக்கதோஷத்தில் தோலை உரித்துக் குழம்புத் துண்டாகவே போட்டுவிட்டார். கடையில் சண்டை போட்டுவிட்டு வந்தார், அன்றைக்குக் குழம்பு. அடுத்த வாரம் கூடவே நின்று முழுசாக வாங்கிவந்தார். கரியை அள்ளிக் கோழிக்கு நேர் கீழே குவித்துவிட்டார். கொழுப்பு சொட்டச் சொட்டத் தீ பிடித்து வெளியே அடுப்புக்கரி மாதிரி ஆகிவிட்டது, தொடையைக் கீறிப் பார்த்தால் உள்ளே ரத்தம். அன்றைக்கும் குழம்பு. மூன்றாவது தடவை நடந்ததை எழுதும்போதே சிரிப்பு வருகிறது. மாப்பிள்ளை வீடியோவில் கோழியின் காலிரண்டையும் சேர்த்து நூலால் கட்டினார் அல்லவா, இவரும் கட்டினார், பக்கத்து வீட்டுத் தறியில் மிஞ்சின நூலை வாங்கிவந்து. அது சாயம் போட்ட பச்சைப் பட்டு நூல். மூடியைத் திறந்தால் கோழி கிளிப்பச்சைக் காலோடு படுத்திருக்கிறது. காஞ்சிபுரத்துக்காரனைத் தவிர உலகத்தில் வேறு எவனும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். அதைக் குழம்புகூட வைக்க முடியாமல் குழி தோண்டிப் புதைத்தோம். நான் சிரித்த சிரிப்பில் அவருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே, ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அதற்கப்புறம்தான், ரேவதி, அவர் தானாகவே மாப்பிள்ளைக்குப் போன் போட்டார். நீ வேலைக்குப் போயிருந்த நேரமாம், அதனால் உனக்கு முழுசாகத் தெரிந்திருக்காது. நான் துணி உலர்த்துகிற சாக்கில் கொடியோரமே நின்றேன். போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு, தம்பி என்று ஆரம்பித்தார். தோல் கருகுது, உள்ள வேவ மாட்டேங்குது, இன்னா பண்றது என்றார். உன் அப்பா ஒருவரிடம் தனக்குத் தெரியவில்லை என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. மாப்பிள்ளையும் இவ்வளவு நாள் கழித்துப் பேசுகிறாரே என்று குத்திக் காட்டவில்லை, முறைத்துக்கொள்ளவில்லை. கரியை ரெண்டு பக்கமும் ஒதுக்குங்க மாமா, நடுவுல வெறும் எடமா வுடுங்க, கீழ ஒரு தட்டுல தண்ணி வையுங்க, கோழி நடுவுல இருக்கணும், மூடிட்டுத் தொறக்கவே தொறக்காதீங்க என்று நிதானமாகச் சொல்லிக்கொடுத்தார். திறக்காமல் இருப்பதுதான் இவருக்கு வராத காரியம். சோற்றுப் பானையைத் திறந்து பார்க்கிற மாதிரி சும்மா சும்மா மூடியைத் தூக்குவார், சூடெல்லாம் போய்விடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை அங்கே தன் அடுப்பின் முன்னாலும் இவர் இங்கே டிரம்மின் முன்னாலும் போனை நிறுத்திவைத்துக்கொண்டு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கோழி சுட்டார்கள். இவர் கை மூடிப் பக்கம் போகும்போதெல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து, மாமா, கையக் கட்டிக்கினு குந்துங்க மாமா என்று சத்தம் வரும். இவரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். யார் சொன்னால் கேட்கிற ஆள் இவர்! ஊர்த் தலைவர்கள் வந்து சொன்னால்கூட வாக்குவாதம் பண்ணுகிறவர். வெந்துவிட்டதா என்று பார்க்கக் கோணி ஊசியைத் தொடையில் குத்தி எடுத்து மணிக்கட்டில் வைத்துப் பார்க்கக் கற்றுக்கொண்டார். ஊசி சுட்டால் வெந்துவிட்டது, வெதுவெதுப்பாக இருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். அன்றைக்குத் தோல் செக்கச் சிவந்து, பிட்டால் நீர் தெளிவாக வடிந்தது. ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு போனைப் பார்த்து, ஆச்சு மாப்ள என்றார். தம்பி போய் மாப்பிள்ளை ஆகிவிட்டது. நான் உள்ளே போய்ப் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

புரட்டாசி முழுக்கக் கவுச்சி கிடையாது என்பதால் டிரம்மைக் கோணி போட்டு மூடிவைத்தார். அந்த மாதத்தோடு ஆசையும் அடங்கிவிடுமோ என்று எனக்குப் பயம்தான். தீபாவளி கழிந்து கிருத்திகை, அமாவாசை எதுவும் படாத ஞாயிறாக நானே காலண்டரில் பார்த்துச் சொன்னேன். சம்பந்திய நீயே கூப்பிடு என்று போனை நீட்டினார். நான் வாங்கவே இல்லை. வீட்டுக்குப் பெரியவர் நீங்கதானே, நீங்களே கூப்பிடுங்க என்று அடுப்படிக்குப் போய்விட்டேன். ரொம்ப நேரம் கழித்து இளங்கோவன் அண்ணனோடு பேசுகிற குரல் கேட்டது. மழை நிலவரம், ஏரியில் எவ்வளவு தண்ணீர், டிரான்ஸ்பார்மர் ரிப்பேர் என்று ஊர்க் கதையெல்லாம் பேசிவிட்டுக் கடைசியில், ஞாயித்துக்கெழம நீங்களும் தங்கச்சியும் ஊட்டுக்கு வரணும், நம்ம கையால கோழி சுடறேன் என்றார். அந்தப் பக்கம் அவர் என்ன சொன்னாரோ, இவர் சரி சரி என்று தலையை ஆட்டினார், போனில் தலையாட்டினால் யாருக்குத் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து மேகம். கோழியின் வயிற்றில் சின்ன வெங்காயம், பூண்டு, எலுமிச்சம்பழம் வைத்து, தயிரும் மிளகும் மிளகாயும் அரைத்துத் தோலுக்கு அடியிலும் தடவி, இந்தத் தடவை வெள்ளை நூலால் காலைக் கட்டி மூன்று கோழியை அடுப்பில் ஏற்றினார். நான் தொட்டால் திட்டினார், எல்லாம் அவர் கைதான். தூறல் விழுந்ததும் டிராக்டர் தார்ப்பாயை முருங்கை மரத்துக்கும் துணிக்கொடிக் கம்பத்துக்கும் இழுத்துக் கட்டினார். அந்த நேரம் பார்த்து உன் பெரியப்பா கோதண்டபாணி வண்டியில் வந்து கேட் ஓரமாக நின்றார். ஊரிலிருந்து விஷயம் காதுக்குப் போயிருக்கிறது. வண்டியை விட்டு இறங்காமலே, நம்ம ஊட்டு அடுப்புல அவங்களுக்குச் சோறா, திருவிழாவுல நாளைக்கு உனக்கு எவன்டா மாலை போடுவான் என்றார். உன் அப்பா கையில் விசிறியோடு கேட் வரைக்கும் போய், எம் பொண்ணோட மாமனார் மாமியார் வர்றாங்க, நீயும் வந்து குந்து, கோழி மூணு இருக்குது, மாலை வந்தா வருது வராட்டிப் போவுது என்றார். பெரியப்பா திரும்பிப் போய்விட்டார். இன்றுவரைக்கும் பேச்சில்லை. அது உனக்குத் தெரிந்திருக்கட்டும், அதற்காக நீ மனசை அலட்டிக்கொள்ளாதே. தன் அண்ணன் முன்னால் குரல் உயர்த்தாத மனுஷன் அன்றைக்குப் பேசின அந்தப் பேச்சுக்காக இன்னும் எத்தனை கிளிப்பச்சைக் கோழி வேண்டுமானாலும் நான் புதைப்பேன்.

உன் மாமனார் மாமியார் சர்ச் முடிந்து நேராக வந்தார்கள். கங்கையம்மாள் எனக்குக் கனகாம்பரம் வாங்கிவந்து தானே வைத்துவிட்டார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, தட்டு வைக்கிற வரைக்கும். உன் அப்பா எனக்குத் தெரியாமல் பாத்திரக் கடையில் இரண்டு புதுத் தட்டு வாங்கிவந்திருக்கிறார், நல்ல கனமான எவர்சில்வர். அவராகவே கழுவித் துடைத்து அவர்கள் இரண்டு பேருக்கும் முன்னால் வைத்துவிட்டு, எங்களுக்குப் பெயர் வெட்டின நம் பழைய தட்டுகளை வைத்தார். அந்தக் காலத்தில் வேலைக்கு வருகிறவர்களுக்கு நம் ஊர் வீடுகளில் கொட்டகை எரவாணத்தில் தனித் தட்டும் தனிக் குவளையும் செருகி வைத்திருப்பார்களே, அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். இளங்கோவன் அண்ணன் நீட்டின கையை மடியில் வைத்துக்கொண்டார். கங்கையம்மாள் முகத்தில் கோபமே இல்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. எங்களுக்கு மட்டும் தனித் தட்டா அண்ணா என்று கேட்டார். இவர் கோழியைத் திருப்புகிற கவனத்தில், மொத மொதலா வர்றீங்க, பழசுல எப்படிமா போடறது, மரியாதையா இருக்காதே என்று சொல்லிக்கொண்டே திரும்பினவர், அவர்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். அப்புறம் தட்டைப் பார்த்தார். ரேவதி, உன் அப்பா முகம் அப்படிச் சுருங்கி நான் பார்த்ததில்லை. அவர் மனசில் விகற்பம் இல்லை என்று எனக்குத் தெரியும், அது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அவர் உடனே புதுத் தட்டு, பழைய தட்டு எல்லாவற்றையும் அடுக்கி எடுத்துக்கொண்டு போய்க் கிணற்றடியில் வைத்துவிட்டார். வரும்போது தோட்டத்தில் ஒரு முழு வாழையிலையை அறுத்துக்கொண்டு வந்து நாலு பேருக்கும் நடுவில் விரித்து, அதன்மேல் இரண்டு கோழியை ஆவி பறக்க அப்படியே முழுசாக வைத்தார். துண்டு போட்டா தனித்தனியாப் பிரிஞ்சிடும், ஒண்ணாக் குந்தி ஒண்ணாப் பிச்சுத் துன்னலாம்னுதான் முழுசா சுட்டேன், தப்பாப் பூடுச்சி, மனசுல வெச்சுக்காதீங்க என்றார். கோழியில் கால் யாருக்கு, ஈரல் யாருக்கு என்று நம் வீட்டில் எவ்வளவு சட்டம் பேசுகிறவர்! கையாலேயே ஒரு காலைப் பிய்த்து இளங்கோவன் அண்ணன் பக்கம் வைத்தார். அண்ணன் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அவர் கையை நீட்டி அதே கோழியில் இன்னொரு காலைப் பிய்த்து உன் அப்பா பக்கம் வைத்தார். சாப்பிடுங்க சம்பந்தி, ஆறிப் பூடும் என்றார். அதற்கப்புறம் எல்லோரும் சேர்ந்து பிய்த்துச் சாப்பிட்டோம், அவ்வளவு ருசி. நெஞ்சுக்கறிகூட வறளாமல் பஞ்சு மாதிரி இருந்தது. கங்கையம்மாள் கடைசியில் எலும்பை உறிஞ்சிவிட்டு, எம் புள்ள சுடறத வுட நீங்க நல்லா சுடறீங்கண்ணா என்றார். அந்த ஒரு வார்த்தையை உன் அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

போகும்போது, அடுத்த விருந்து எங்க ஊட்ல, நீங்க ரெண்டு பேரும் வரணும் என்று அழைத்தார்கள். இவர் உடனே, அதுக்கின்னா, டிரம்மையே டிராக்டர்ல ஏத்திக்கினு வந்துடறேன், அங்கியே சுட்டுடலாம் என்றார். எல்லோரும் சிரித்தோம், ஆனால் எனக்குச் சிரிப்பு உள்ளே இறங்கவில்லை. தானே அடுப்பைத் தூக்கிக்கொண்டு போய்த் தானே சமைத்துச் சாப்பிட்டால் அவர்கள் வீட்டில் கை நனைத்ததாகுமா? நம்மவர்கள் அப்படித்தானே செய்வார்கள், அரிசி பருப்பை வாங்கிக்கொள்வார்கள், ஆக்கின சோற்றைத் தொட மாட்டார்கள். அவர் தெரிந்து சொன்னாரா தெரியாமல் சொன்னாரா என்று இன்றுவரைக்கும் நான் கேட்கவில்லை. கங்கையம்மாளுக்குப் புரிந்துவிட்டது. எங்க ஊட்லயும் அடுப்பு இருக்குதுண்ணா, நீங்க வெறுங்கைய வீசிக்கினு வாங்க, நான் ஆக்கிப் போடறேன் என்று மரியாதையாகவே சொல்லிவிட்டுப் போனார். அதோடு சரி. கார்த்திகையில் மழை என்றார், மார்கழியில் அறுப்புக்கு ஆள் பார்க்க வேண்டும் என்றார், பொங்கலுக்கு டிராக்டர் பழுது என்றார். ஞாயிறு வந்தால் மட்டும் தவறாமல் டிரம் முன்னால் உட்கார்ந்து மாப்பிள்ளையோடு கோழி சுட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் எனக்குத் தாங்கவில்லை. நீங்க சுட்டத அவங்க துன்னாங்க, அவங்க ஆக்கறத நீங்க துன்னணும், அது நடக்காம நீங்க ஆயிரம் கோழி சுட்டாலும் உங்க பொண்ணுக்கு வயிறு நிறையாது என்று சொன்னேன்.

நேற்றுக் காலையில் எழுந்து பார்க்கிறேன், டிரம்முக்குக் கரி போடவில்லை. குளித்துவிட்டு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறார். தென்னேரிக்குச் சொல்லிட்டேன், புடவை மாத்திக்கினு வா என்றார். வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போது வாலாஜாபாத் தாண்டுகிற வரைக்கும் நான் வாயே திறக்கவில்லை, எங்கே திருப்பிவிடுவாரோ என்று பயம். திருப்பவில்லை. அந்தத் தெருவுக்குள் வண்டி நுழைந்தபோது வாசலில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள், இவரும் நிமிர்ந்து எல்லோரையும் பார்த்துத் தலையசைத்துக்கொண்டே போனார். உன் நாத்தனார் ஷாரோன் பெரிய செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், வாங்கி அண்ணாந்து முழுசாகக் குடித்தார். கூடத்தில் உங்கள் மூன்று பேர் போட்டோ மாட்டியிருக்கிறது, அதற்கு நேர் கீழே போய் உட்கார்ந்துகொண்டார். கங்கையம்மாள் ஏரி விரால் வாங்கிக் குழம்பு வைத்திருந்தார். எல்லோருக்கும் ஒரே மாதிரித் தட்டு. சோறு போட்டு, குழம்பு ஊற்றி, மீன் வைத்துவிட்டுக் கங்கையம்மாள் அடுக்களை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். இளங்கோவன் அண்ணனும் தன் தட்டைத் தொடவில்லை. நான் எந்தச் சாமியை எல்லாம் கூப்பிட்டேன் என்று எனக்கே நினைவில்லை.

உன் அப்பா கையலம்பிக்கொண்டு சோற்றைப் பிசைந்து ஒரு வாய் போட்டார். மென்றார், விழுங்கினார். உனக்குத் தெரியும், வெளியில் எந்த வீட்டில் சாப்பிட்டாலும் அவர் ஒரு குறை சொல்ல மாட்டார். கூடப் பிறந்த அண்ணன் வீட்டில் குழம்பு ஊசிப்போயிருந்தால்கூடப் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து வருவார். குறை சொல்வதெல்லாம் அவரைப் பெற்றவளிடமும் என்னிடமும்தான். நேற்று இரண்டாவது வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து பார்த்து, இன்னாமா கொழம்புல உப்பே பத்தல, கொஞ்சம் எடுத்தா என்றார். எனக்கு உயிரே போய்விட்டது, தலையைத் தூக்கவே முடியவில்லை. கங்கையம்மாள் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம் சிரித்தாரே ஒரு சிரிப்பு, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்துக்கொண்டே போய் உப்பு ஜாடியோடு வந்து, அண்ணிக்கும் தெனம் இதே ரோதனதானா என்று அவர் தட்டோரத்தில் ஒரு சிட்டிகை வைத்தார். இவர் அதைப் பிசைந்துகொண்டு, இப்ப சரியா இருக்குது, இன்னும் ரெண்டு கரண்டி ஊத்துமா என்று தட்டை நீட்டினார். அதற்கப்புறம் நான் என்ன சாப்பிட்டேன் என்று எனக்குத் தெரியாது, எல்லாம் கண்ணீரோடு சேர்ந்து உள்ளே போனது. நான் இந்த மனுஷனுக்கு வாழ்க்கைப்பட்டதற்காக நேற்றுப் பட்ட பெருமையை இதுவரை பட்டதே இல்லை.

இவ்வளவுதான் விஷயம். ஜீவிதாவுக்கு வெயில் ஒத்துக்கொள்ள வேண்டும், சித்திரைக்குள் வந்துவிடுங்கள், அக்கினி நட்சத்திரத்தில் வேண்டாம். மாப்பிள்ளை உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும், நீ வேலை வேலை என்று வேளை தவறிச் சாப்பிடாதே. விமானத்தை விட்டு இறங்கினதும் முதலில் தென்னேரிக்குப் போய் உன் அத்தை கையால் சாப்பிட்டுவிட்டு அப்புறம் இங்கே வா, அதுதான் முறை. நீங்கள் மூன்று பேரும் நீண்ட ஆயுசோடும் நிறைந்த வாழ்வோடும் இருக்க என் ஆசீர்வாதம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. டிக்கெட் போட்டதும் எனக்குச் சொல்லாதே. அப்பாவுக்குப் போன் போட்டு, நான் வரேம்ப்பா என்று நீயே சொல். அதை அவர் உன் வாயால்தான் கேட்க வேண்டும்.

உன் அம்மா,
மு. ரேணுகாம்பாள்